பச்சைக் கறியும் பாதி முகமும்

ஞாயிறு, பின்னிரவு
மே 1976

அன்பு மகள் ஜனீனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இங்கே சுகம், நீ அங்கே சுகமா என்று தொடங்குவதுதான் முறை. அந்த முறைப்படி உன் அப்பா சுகம், நாய்கள் சுகம், ஆடுகள் எல்லாம் வயிறு பெருத்துச் சுகம், என் முகத்தில் வலது பாதி சுகம். இடது பாதி சுகமாகலாமா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது. நீயும் உன் வயிற்றில் இருக்கும் அந்தச் சின்ன ஆளும் சுகமாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த நேரத்தில் விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். கோபத்தில் கிழிப்பதாக இருந்தால் கடைசிவரை படித்துவிட்டுக் கிழி.

சாயங்காலம் நீ போனை வைத்த சத்தம் இங்கே சன்னலை அதிர வைத்தது. மேற்கே போய் ஒன்றரை வருஷம் ஆனதில் மறந்துவிட்டாய் போலிருக்கிறது, நம் போன் கம்பி ஒன்றில் ஏழு வீடு தொங்குகிறது, யார் ரிசீவரை எடுத்தாலும் நம் பேச்சு கேட்கும். உன் குரலுக்கு நடுவே ஒரு கிளி 'கெட்டில் போடு, கெட்டில் போடு' என்று கத்தியதே, அது உன் ஊர் போர்ட் ஹெட்லண்ட் கிளி என்றா நினைத்தாய்? பக்கத்துப் பண்ணை பெரிலின் கூடத்துக் கிளி. ரிசீவரை எடுத்து வாயைக் கையால் பொத்திக்கொள்ளும் அளவுக்குப் பெரிலுக்கு நாகரிகம் உண்டு, கிளிக்குக் கிடையாது. அந்தக் கிளியை வைத்துக்கொண்டு நீ நாலு மாதம் என்பதை நான் எப்படிச் சொல்வது? விடிவதற்குள் நம் தீவின் கிங்ஸ்கோட் பேக்கரியில் உன் பிள்ளைக்குப் பெயரே வைத்து முடித்திருப்பார்கள். அதனால்தான் 'இந்த வருஷம் ஆடு குட்டி போடுற சமயத்துக்கு நீ வராத' என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்டாய். 'சொன்னா கேளு' என்றேன், உலகத்து அம்மாக்கள் எல்லாம் காரணம் சொல்ல முடியாதபோது சொல்லும் அதே வாக்கியம். அதற்கு நீ, 'புரியுதும்மா. கல்யாணம் ஆகாம வயித்தோட வந்து நின்னா ஊர் சிரிக்கும், அதானே. இனி வரவே மாட்டேன், போ' என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். ஆக, நான் கிளியிடமிருந்து காப்பாற்றிய ரகசியத்தை நீயே கிளிக்குக் கொடுத்துவிட்டாய். வாழ்த்துகள். நீ பேசியது தெருமுனை போன் பெட்டி, திருப்பிக் கூப்பிட எண்ணும் இல்லை, அதனால் காகிதத்தைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பிறகு வரிசையாக வருகிறேன். வராதே என்றது நீ கூட வாழும் ட்ரெவருக்காக இல்லை. ஊருக்காக இல்லை. உன் பிறந்தநாளையும் எங்கள் கல்யாண நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போடும் பழக்கம் உன் அப்பாவுக்கும் எனக்கும் கிடையாது, போட்டால் யார் மானம் போகும் என்று உனக்கே தெரியும். பத்தொன்பது வயதில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கல்லூரிப் பரீட்சை எழுதியவள் நான், உனக்கு ஒழுக்கம் சொல்ல வேறு ஆள் பார். வராதே என்றது ஆடுகளுக்காக. நம் ஆடுகளிடம் உன் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாத ஒன்று இருக்கிறது, அது ஏற்கனவே என்னிடம் வந்துவிட்டது.

போனில் என் பேச்சு குழறியதைக் கேட்டு 'குடிச்சிருக்கியா?' என்று கேட்டாய் அல்லவா, அங்கிருந்து தொடங்குகிறேன். கோடையில் ஒரு நாள் தலை வாரும்போது இடது காதுக்கு முன்னால், தாடை திரும்பும் இடத்தில் அவரைக்கொட்டை அளவுக்கு ஒன்று கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. உடம்பு மட்டும் எப்போதும் அசதி, ஆனால் இந்தப் பண்ணையில் அசதி இல்லாத பெண் யாரையாவது நீ பார்த்திருக்கிறாயா, நான் பொருட்படுத்தவில்லை. நம் ஊர் டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டுப் பொன்னுக்கு வீங்கி என்றார். நாற்பது வயதில். இரண்டு வாரம் கழித்துப் போனேன், உமிழ்நீர்ச் சுரப்பியில் கல் அடைத்திருக்கும், எலுமிச்சம்பழம் உறிஞ்சுங்கள், எச்சில் ஊறித் தள்ளிவிடும் என்றார். உறிஞ்சினேன். நம் தோட்டத்து மரம் மொட்டையாகிவிட்டது, பற்கள் எல்லாம் கூசத் தொடங்கின, அவரைக்கொட்டை வாதுமைக்கொட்டை ஆனது. அதன் பிறகு அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு அடிலெய்டுக்கு எழுதிக் கொடுத்தார். டாக்டர்கள் சிரிப்பதை நிறுத்தினால் என்ன அர்த்தம் என்று கல்லூரியில் சொல்லித்தருவதில்லை, ஆனாலும் புரிந்துவிட்டது.

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று இந்த இடத்தில் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கத்துவாய், கத்தி முடி, காத்திருக்கிறேன். உன் வயிற்றுச் செய்தி சொன்ன கடிதமும் அடிலெய்டு டாக்டரின் தேதியும் ஒரே தபாலில் வந்தன. வாந்தி எடுத்துக்கொண்டிருக்கிற பெண்ணுக்கு 'ரொம்ப சந்தோஷம், எனக்கும் ஒன்று வளர்கிறது' என்றா பதில் எழுதுவது? புற்று என்ற வார்த்தையை இந்த வீட்டில் யாரும் வாயால் சொல்லவில்லை. உன் அப்பா பேசுவதற்குப் பதிலாக வேலி கட்டினார். தெற்கு மேய்ச்சல் நிலம் முழுக்கப் புது வேலி, ஒரு கம்பி தளர்வு கிடையாது. என் கட்டி இன்னும் ஒரு மாதம் இருந்திருந்தால் தீவையே சுற்றி வேலி போட்டிருப்பார்.

அடிலெய்டு டாக்டர் நல்ல மனிதர், கை சுத்தம், கழுத்தில் வண்ணத்துப்பூச்சி டை. என் முகத்தையே ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார், ரொம்ப அழகாக வரைந்திருந்தார், வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். காதுக்கு முன்னால் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் புகுந்துதான் முகத்தை அசைக்கும் நரம்பு போகிறதாம், விரல் விரித்த கை மாதிரி. கட்டி அந்த விரல்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது, எடுத்தால்தான் என்னவென்று தெரியும், எடுக்கும்போது நரம்பு கொஞ்சம் கோபித்துக்கொள்ளலாம் என்றார். எடுத்தார். கோபித்துக்கொண்டது. கண் விழித்துக் கண்ணாடி பார்த்தால் வலது பக்கம் நான், இடது பக்கம் யாரோ தூங்குகிற பெண். டீ குடித்தால் பாதி எனக்கு, பாதி சட்டைக்கு. நரம்பை வெட்டவில்லை, இழுபட்டதுதான், சில மாதத்தில் திரும்பிவிடும் என்கிறார்கள், நீ உடனே அழாதே.

போன வியாழக்கிழமை முடிவு கேட்கப் போனோம். உன் அப்பா தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு கோயிலில் உட்காருவது மாதிரி உட்கார்ந்திருந்தார். டாக்டர் வந்து புற்று இல்லை என்றார். கொஞ்சம் ஏமாற்றத்தோடு சொன்ன மாதிரிகூட இருந்தது, பாவம், அவ்வளவு நன்றாகக் கத்தி பிடித்திருக்கிறார். சுரப்பியின்மேல் குற்றமே இல்லையாம். சுரப்பிக்குள் நிணநீர்க் கணுக்கள் சில குடியிருக்குமாம், வீட்டுக்காரருக்குச் சம்பந்தமில்லாத வாடகைக்காரர்கள் மாதிரி, வீங்கியது அவைதான். வீங்க வைத்தது ஒரு ஒட்டுண்ணி. பெயர் டாக்ஸோபிளாஸ்மா. கண்ணுக்குத் தெரியாத அளவு. ரத்தத்திலும் பார்த்து உறுதி செய்துவிட்டார்கள். மருந்துகூட வேண்டாம், தானே அடங்கிவிடும், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது என்றார். உன் அப்பா தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். டாக்டர் அவரைக் கையமர்த்தி உட்கார வைத்துவிட்டு மூன்று கேள்வி கேட்டார். பூனை உண்டா. பச்சைக் கறி தின்பதுண்டா. வீட்டில் கர்ப்பிணி யாராவது உண்டா.

பூனை என்றதும் உன் அப்பா முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்திருக்க வேண்டும். இத்தனை வருஷமாக உன் மேஜர் பூனையின்மேல் அவருக்கு இருந்த வழக்குக்குச் சாட்சி கிடைத்துவிட்டது. ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கம்பளிக் கொட்டகைக்குப் போனார். சுடும் சத்தம் வருமா என்று காதைப் பொத்திக்கொண்டு நின்றேன், சும்மா வந்தார். கேட்டால், அது தூங்கிக்கொண்டிருந்தது என்றார். நானும் டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னேன். குட்டிப்பூனை முதல் தடவை எலியைத் தின்னும்போது இந்த ஒட்டுண்ணியைச் சில வாரம் கழிவில் விடுமாம், அது புல்லில் கிடக்குமாம், ஆடு மேயும்போது ஆட்டுக்குப் போய்க் கறியில் தங்கிவிடுமாம், பூனை விஷயமே ஆறேழு வருஷம் முன்புதான் கண்டுபிடித்தார்களாம். மேஜர் கிழம், அவன் காலம் எப்போதோ முடிந்தது. இனி பூனைக்கும் கறியை வேகவைத்துத்தான் போட வேண்டும் என்றதால் தினமும் மேஜருக்குத் தனிச் சமையல். மோந்து பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்க்கிறது, உன் அப்பா வேகவைத்த கறியைப் பார்க்கும் அதே பார்வை. உள்ளே ரத்தச்சிவப்பு தெரியாத கறியைத் தின்பதைவிடப் பூட்ஸைத் தின்னலாம் என்பவர் அல்லவா அவர்.

இரண்டாவது கேள்விதான் என் கதை. கல்லூரிப் படிப்புக்கு மரியாதை செய்து இந்தத் தீவு எனக்குக் கொடுத்த ஒரே பதவி எது என்று உனக்குத் தெரியும். ஃபுட்பால் கிளப் பெண்கள் குழுவில் சாசேஜுக்குக் கொத்துக்கறி பிசையும்போது உப்புப் பார்க்கும் நாக்கு. அன்று காலை அறுத்த ஆடு, ஐஸைக் கண்ணால் பார்க்காத கறி, உப்பும் மிளகும் போட்டுப் பிசைந்து ஒரு விரல் எடுத்துப் பச்சையாக வாயில் வைத்து, கண்ணை மூடி, 'இன்னும் ஒரு சிட்டிகை' என்று நான் சொன்னால் அது தீர்ப்பு. மற்ற கிளப்காரர்கள் வந்து என்ன ரகசியம் என்று கேட்பார்கள், பெரில் என் தோளில் கை போட்டு 'இவ நாக்குதான்' என்பாள். பெருமையில் அடுத்த விரலும் எடுத்து வைப்பேன். ஆக, ஒட்டுண்ணிக்கு நான் வாசல் திறந்து மட்டும் விடவில்லை, உப்புச் சரியாக இருக்கிறதா என்று பார்த்து வரவேற்றிருக்கிறேன்.

நேற்றுக் குழுவில் போய் இதைச் சொன்னேன். என் அரை முகத்தைப் பார்த்து எல்லோரும் ஐயோ பாவம் என்றார்கள், கறி என்றதும் பாவம் நின்றுவிட்டது. பெரில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, 'நம்ம ஆட்டுலயா? என்னடி பேசற, க்ளெனிஸ். அடிலெய்டு ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுல வந்திருக்கும்' என்றாள். கட்டியோடு போனவளுக்கு ஆஸ்பத்திரியில் எப்படி வரும் என்று நான் கேட்கவில்லை, பாதி வாயால் வாதாடி ஜெயிக்க முடியாது. கடைசியில் பெரிலின் மருமகள், கூடத்தில் யார் என்ன பேசினாலும் தலையே நிமிராத பெண், 'ஒரு சின்ன உருண்டையப் பொரிச்சுப் பாத்துட்டு உப்பு போடலாமே' என்றாள். சட்டி அடுப்பிலேயே இருந்தது, எண்ணெய் பக்கத்திலேயே இருந்தது, இத்தனை வருஷமும் இருந்தது. கல்லூரிச் சான்றிதழைக் கூடத்துச் சுவரில் மாட்டி வைத்திருக்கும் ஒருத்திக்குக்கூடத் தோன்றவில்லை. அதை இறக்கிவிட்டு அந்த ஆணியில் பொரிக்கும் சட்டியை மாட்டலாம் என்றிருக்கிறேன்.

மூன்றாவது கேள்விக்கு இப்போது வருகிறேன், இதில் எனக்கு விளையாட்டு இல்லை, நீயும் சிரிக்காதே. கர்ப்பமாக இருக்கும்போது முதல்முறையாக இது ஒருத்திக்கு வந்தால் அவளுக்கு ஒன்றும் தெரியாது, கொஞ்சம் அசதி, அவ்வளவுதான். ஆனால் உள்ளே பிள்ளைக்குப் போகலாம். கண்ணைப் பாதிக்கலாம், மூளையைப் பாதிக்கலாம், பிள்ளையே தங்காமலும் போகலாம். டாக்டர் இதைச் சொன்னபோது போன குளிர்காலத்தில் நம் பெண்ணாடுகள் வரிசையாகச் செத்த குட்டி போட்டது நினைவுக்கு வந்தது. குளிர், வேறொன்றுமில்லை என்று உன் அப்பா சொன்னார், நானும் நம்பினேன், அத்தனையையும் வெறுங்கையால் அள்ளினோம். அதற்கும் இதுவே காரணமாக இருக்கலாமாம், அப்படி ஈனும் குட்டியிலும் நீரிலும் இது இருக்குமாம். இந்த வருஷமும் அதே ஆடுகள்தான் ஈனப் போகின்றன. நீ வந்தால் என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாதா? கொட்டகைக்குப் போகாதே என்றால் வாசலில் நிற்பாய், வாசலில் நிற்காதே என்றால் முக்குகிற ஆட்டின் சத்தம் கேட்டதும் முழங்கைவரை கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். விறைத்த குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு அடுப்படிக்கு வருவாய், அந்த வயிற்றின் மேலேயே வைத்துக்கொண்டு. ஏழு வயதிலிருந்து அப்படித்தான் வருகிறாய். அதனால்தான் வராதே என்றேன்.

இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்டோடு வளர்ந்தவர்களில் நிறையப் பேருக்கு இது சின்ன வயதிலேயே வந்து சொல்லாமல் போயிருக்குமாம், அப்படிப் போயிருந்தால் அதுவே பிள்ளைக்குக் காவல். உனக்கு வந்து போயிருக்கிறதா இல்லையா என்பது உன் ரத்தத்துக்குத்தான் தெரியும். ஆகவே இந்தக் கடிதம் கிடைத்த மறுநாளே உன் ஊர் ஆஸ்பத்திரிக்குப் போ, டாக்ஸோபிளாஸ்மாவுக்கு ரத்தம் பார்க்க வேண்டும், பெர்த் நகரத்துக்கு அனுப்புங்கள் என்று சொல். உங்கள் அம்மாவுக்குப் பயம் அதிகம் என்று நர்ஸ் சிரித்தால் நீயும் சேர்ந்து சிரி, கையை மட்டும் நீட்டு. ஏற்கனவே வந்து போயிருக்கிறது என்று முடிவு வந்தால் எனக்கு ஒரு தந்தி கொடு, ஊரெல்லாம் கூப்பிட்டு உன் அம்மாவைக் கேலி செய்துகொள். இல்லை என்று வந்தால் பிரசவம்வரை நான் சொல்வது சட்டம். முடிவு வரும்வரையும் சட்டம்தான். கறி உள்ளே துளிச் சிவப்பு இல்லாமல் வேக வேண்டும். ட்ரெவர் மாட்டுக்கறியை அடுப்புக்குத் தூரத்திலிருந்து காட்டிவிட்டுத் தட்டில் போடுகிறவன் என்று எழுதியிருந்தாய், அவன் தட்டு அவனுக்கு, வயிற்றில் சுமப்பவன் அவன் இல்லை. கறி வெட்டிய பலகையில் தக்காளி வெட்டாதே. கீரை, காய் எல்லாம் கழுவாமல் தொடாதே. பக்கத்து வீட்டுப் பூனையின் மண்பெட்டியை நீ சுத்தம் செய்து உதவுவதாகப் போன மாதம் பெருமையாக எழுதியிருந்தாய். உதவியது போதும்.

இனி உன் அப்பா. அவருக்குத் தெரியக்கூடாது, நானே நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்று நீ கேட்டுக்கொண்டதால் அந்த வியாழக்கிழமை டாக்டர் கர்ப்பிணி யாராவது உண்டா என்று கேட்டபோது, வீட்டில் யாரும் இல்லை என்று சொன்னேன். பொய் இல்லை, நீ வீட்டில் இல்லை. உன் அப்பா சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். படகில் வரும்போதும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேற்றும் ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் நீ போனை வைத்தபோது அவர் அடுப்படியில் வாளிக்குக் கைப்பிடி மாட்டிக்கொண்டிருந்தார். நான் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். கைப்பிடியை மாட்டி முடித்துவிட்டு, நிமிராமலே, 'எப்ப பிரசவம்?' என்றார். யாருக்கு என்றேன். எனக்குத்தான் எவ்வளவு சாமர்த்தியம் பார். அதற்கு அவர், 'க்ளென், டாக்டர் கேட்டப்பவே சன்னல் கண்ணாடியில பாத்தேன். உன் முகத்துல பாதிதான் பொய் சொல்லுது. அசையாத பாதிக்குப் பொய் சொல்ல வரல' என்றார். இருபத்தொரு வருஷமாக முழு முகத்தை வைத்துக்கொண்டு இந்த மனிதரிடம் எதையெதையோ மறைத்துவிட்டதாக நினைத்தேன்.

அக்டோபர் என்றேன். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். வாளியைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார், கைப்பிடி நின்றது. 'வேண்டாம்னு சொல்றோம்னு நெனச்சுக்கிட்டாளா?' என்றார். ஆமாம் என்றேன். வாளியைக் கீழே வைத்தார். பிறகு, 'அவ இங்க வரக்கூடாதுன்னா நீ அங்க போ. ஆடுகள நான் பாத்துக்கறேன்' என்றார். ஜனீன், ஆடு ஈனும் சமயத்தில் இந்த வீட்டில் ஒரு ஜோடிக் கை குறைந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். உன் தாத்தா சவ அடக்கத்துக்குக்கூட இரண்டு மணி நேரம்தான் விடுப்பு எடுத்தவர் அவர். யார் உதவிக்கு என்று கேட்டேன். பெரிலைக் கூப்பிடப் போகிறாராம். 'அவளுக்கு எப்படியும் எல்லாம் தெரியும், வந்து வேலையாவது செய்யட்டும்' என்றார். நல்ல ரப்பர் கையுறை வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன், பெரிலுக்கும் சேர்த்து.

ஆகவே ஜூன் முதல் வாரம் வருகிறேன். ஒரு அம்மா முழுசாக வருவாள் என்று எதிர்பார்க்காதே, முக்கால் பங்குதான் வரும், டீ குடிக்கும்போது துண்டு ஒன்று வேண்டும். ட்ரெவரிடம் என் முகத்தைப் பற்றி முன்பே சொல்லி வை, அவனைப் பார்த்து நான் ஒரு பக்கமாகச் சிரித்தால் ஏளனம் செய்கிறேன் என்று நினைத்துக்கொள்ளப் போகிறான். உண்மையிலேயே ஏளனம் செய்யும்போது நானே சொல்லிவிடுகிறேன். கறி எதுவும் கொண்டு வரமாட்டேன். துவைத்த கம்பளி நூல் மட்டும் கொண்டு வருகிறேன், சாயம் வெள்ளை, ஆணா பெண்ணா என்று பெரில்கூட இன்னும் முடிவு செய்யவில்லை.

தாயும் பிள்ளையும் கண்ணும் கருத்துமாக, பயமில்லாமல், கடவுள் துணையோடு இருங்கள். நான் வந்து சேர்வதற்குள் ரத்தம் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்காவிட்டால் ஆட்டை இழுக்கிற மாதிரி உன்னைக் காதைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போக எனக்குத் தெரியும். நீ போனை வைத்த கோபம் எனக்குத் தீர்ந்துவிட்டது. உனக்கும் தீர்ந்திருந்தால் ஒரு வரி எழுது, தீராவிட்டால் இரண்டு வரி எழுது.

பாதிச் சிரிப்பும் முழு அன்புமாக,
உன் அம்மா
க்ளெனிஸ்

பி.கு. காலையில் உறை ஒட்டுவதற்குள் உன் அப்பா பேனாவைக் கேட்டார். கீழே இருப்பது அவர் கையெழுத்து.

ஜனீன், கறிய நல்லா வேக வெச்சுத் தின்னு. பூட்ஸ் மாதிரி ஆகுற வரைக்கும். – அப்பா